பாடம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் மகளுக்கு வாசிக்க வரவில்லை: இன்னும் உழைக்கச் சொல்வதா, குறைக்கச் சொல்வதா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ்வழியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரை அவளுக்கு வாசிக்க வரவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு முழுப் பாடத்தையும் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார்தான், "வாய் அடுத்த பக்கத்துக்குப் போயிருச்சு, விரல் இன்னும் இங்கயே நிக்குதே" என்றார். பிறகு பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொன்னோம். 'வயல்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்தபடி அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் படிப்பதைக் காதால் கேட்டே புத்தகம் முழுவதையும் மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் ஓர் உளவியலாளரிடம் காட்டினோம். மூன்று அமர்வுகளுக்குப் பிறகு, அறிவுத்திறன் வயதுக்கு ஏற்றபடி நன்றாகவே இருப்பதாகவும், இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்றும் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து நாங்களும் கூடுதலாக முயல்கிறோம். தனிவகுப்பு ஆசிரியை, பிழையான ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதி வரச் சொல்கிறார். இரவில் ஒன்றரை மணி நேரம் எழுதுகிறாள். நோட்டுப் புத்தகம் நிறைகிறது. மறுநாள் அதே சொல்லைக் காட்டினால் தெரியவில்லை. போன வாரம் எழுதிக்கொண்டே இருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு, "எல்லாருக்கும் நிக்குது, எனக்கு மட்டும் ஏம்மா எழுத்து நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும் முறை வருகின்ற நாட்களில் தவறாமல் வயிற்றுவலி வருகிறது.

உழைத்தால் தன்னம்பிக்கை தானாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலோ உழைப்பு ஏற ஏற அவளுடைய நம்பிக்கை இறங்குகிறது. இன்னும் அதிகமாக எழுத வைக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டுமா? உறவினர் ஒருவர் நிறக் கண்ணாடி வாங்கிப் போடச் சொல்கிறார். குறைபாட்டின் பெயரை அவளிடம் சொல்லலாமா என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எழுத்தாணி:

வணக்கம் அம்மா. நான் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் மகள் உழைக்காத பிள்ளை அல்லள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடப் புத்தகம் முழுவதையும் காதால் மட்டுமே கேட்டு, யாருக்கும் தெரியாமல் மூன்று ஆண்டுகள் சமாளித்திருக்கிறாள் என்றால், அந்த வகுப்பில் அவளைவிட அதிகமாக உழைத்த பிள்ளை யாரும் இருந்திருக்க முடியாது. அவ்வளவு உழைப்பும் வாசிக்கத் தெரியாததை மறைப்பதில் போயிருக்கிறது.

இது புதிய செய்தியும் அன்று. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியாத அந்தச் சிறுவன், 749-ஐ 867-ஆல் பெருக்கி விரைவாகவும் சரியாகவும் விடை சொன்னான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பத்து முறை எழுதுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளை ஒரு சொல்லைப் பார்த்து எழுதும்போது, கண் கோடுகளைப் பார்க்கிறது, கை அந்தக் கோடுகளை வரைகிறது. ஒலி அங்கே வருவதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது படம் வரைவது போன்ற வேலை. டிஸ்லெக்சியாவின் அடிப்படைச் சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இருப்பதில்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும், அந்த ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடுவதிலும்தான் இருக்கிறது. அதனால்தான் நிறக் கண்ணாடியையும் கண் பயிற்சிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் வெளியிட்ட கூட்டறிக்கையில், இவற்றால் வாசிப்புக் குறைபாடு நீங்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. பார்வையையும் கேட்கும் திறனையும் ஒரு முறை முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அது அவசியம். கண்ணாடிக்கு ஒதுக்கிய பணத்தை வேறு நல்ல செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ் எழுத்தைப் பற்றி. 247 எழுத்துகள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் சிக்கல்கள் தெரியும். 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு புறமும் நிற்கிறது. 'கு, சு, து' ஆகிய மூன்றிலும் ஒரே உகரம் மூன்று வேறு வடிவங்களைக் கொள்கிறது. ஆகவே உகர, ஊகார வரிசைகளின் முப்பத்தாறு எழுத்துகளை ஏறக்குறைய தனித்தனியாகவே கற்க வேண்டியிருக்கிறது. துணைக்காலும் 'ர' என்ற எழுத்தும் பல அச்சுகளில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன. போதாக்குறைக்கு, வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளரும் குழந்தை புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று வாசிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், அது தான் அறிந்த சொல் என்று அவளுக்குப் புலப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் உங்கள் மகள் அருமையாகச் சொல்லுவாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு அது ஒரு பாட்டு. 'கூ' எது என்று தனியே காட்டச் சொன்னால் பாட்டின் தொடக்கத்துக்குப் போய்த்தான் வர வேண்டியிருக்கும். ஆகவே வரிசையை ஒதுக்கிவையுங்கள். முதல் சில வாரங்களுக்குக் குறிகளே இல்லாத சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: படம், மரம், கடல், மணல், பழம், வயல். அகர எழுத்துகளையும் புள்ளி வைத்த எழுத்துகளையும் கொண்டே இவ்வளவும் அமைந்துவிடுகின்றன. இவை பழகியதும் சக்கரம், மத்தளம், அப்பளம் என்று நீளமான சொற்களைக் காட்டுங்கள். பார்வைக்குப் பெரியவை, ஆனால் உள்ளே ஒரு குறியும் கிடையாது. 'மத்தளம்' என்ற சொல்லை யாரும் சொல்லித்தராமல் தானே வாசித்து முடித்த பிள்ளையின் முகத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் வருவதை எந்தப் பாராட்டாலும் கொடுக்க முடியாது. அதன் பிறகு துணைக்கால்: கல்–கால், பல்–பால், கரம்–காரம். கடைசிச் சொல்லில் துணைக்காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்பதால், அதில் ஒரு நாள் முழுவதும் தங்கலாம். கொம்புகளும் உகரங்களும் பிற்பாடு வரட்டும். ல, ள, ழ வேறுபாட்டிலும் ந, ன வேறுபாட்டிலும் வரும் எழுத்துப் பிழைகளை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். பட்டம் பெற்றவர்களே அங்கே தடுக்கி விழுகிறார்கள்.

ஒவ்வோர் எழுத்தையும் தாம்பாளத்தில் பரப்பிய மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். கண், காது, கை, வாய் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்த முறையை அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் ஆனா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் 1930-களில் ஒழுங்குபடுத்தினார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. சமைக்கும்போது ஒலி விளையாட்டும் ஆடலாம். 'கடல்' என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ம' வைத்தால் என்ன, 'உ' வைத்தால் என்ன என்று கேளுங்கள். இதற்குப் புத்தகமே வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவில் ஒன்றரை மணி நேரம் என்பதை விட்டுவிட்டுக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளும் தவறக் கூடாது. எழுத்துகள் ஓரளவு பிடிபட்டதும் ஐம்பது, அறுபது சொற்கள் கொண்ட சிறு பத்தி ஒன்றை நான்கு நாட்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யுங்கள். ஜே சாமுவேல்ஸ் என்பவர் 1979-இல் விளக்கி எழுதிய இந்த மீள்வாசிப்பு முறை, வாசிப்பில் சரளம் வருவதற்கு நன்கு பயன்படுகிறது. ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்கள் எத்தனை என்று எண்ணி, கட்டம் போட்ட தாளில் அவளே புள்ளி வைக்கட்டும். புள்ளியை நீங்கள் வைக்காதீர்கள். நேற்றைய தன்னோடு மட்டும் இன்றைய தன்னை ஒப்பிட அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான். உங்கள் மகளுக்கு மனப்பாடம் எளிது என்பதால் ஓர் எச்சரிக்கை: அவ்வப்போது பத்தியைக் கடைசிச் சொல்லிலிருந்து தலைகீழாக வாசிக்கச் சொல்லுங்கள். உண்மையில் வாசிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா என்பது தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பள்ளியில் நடக்கும் அளவோடு விட்டுவிடலாம். எழுத்துக்கும் ஒலிக்கும் இருக்கும் உறவு ஆங்கிலத்தைவிடத் தமிழில் ஒழுங்கானது. ஒரு மொழியில் காலூன்றிய பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது. நீங்கள் அவளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. அவளால் வாசிக்க முடிகிற நூல் எளியதாக இருக்கும். அவளுடைய அறிவுக்கு வேண்டிய நூல் அதைவிடப் பெரியதாக இருக்கும். அந்தப் பெரிய நூல் இப்போதைக்குக் காது வழியாகத்தான் வர வேண்டும். மூன்று, நான்கு மாதங்களில் மாற்றம் தெரியும். ஆனால் இது காய்ச்சல் போல் வந்து நீங்குவது அன்று. வாசிப்பின் வேகம் வாழ்நாள் முழுவதும் சற்றுக் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவைக்கிறேன்.

லேத்துக்காரன்:

வணக்கம். கோயம்புத்தூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. இந்தப் பதிவைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லி, கைப்பேசியை இரண்டு முறை வாசிக்கச் செய்து கேட்டுத் திருத்தியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லவே வந்தேன். அது நடிப்பு அன்று, உண்மையாகவே வலிக்கும். வகுப்பில் ஒருவர் ஒரு பத்தி என்று வாசித்துக்கொண்டு வரும்போது, எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, எந்தப் பத்தி என் பங்கில் விழும் என்று கணக்குப் போட்டு, பக்கத்துப் பையனைக் கிள்ளி அதை மட்டும் காதில் ஓதச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். யாராவது விடுப்பு எடுத்து அந்தக் கணக்குத் தப்பிவிட்டால் அன்று நான் தொலைந்தேன். எண்கள் எனக்கு எப்போதும் தகராறு செய்ததில்லை. பட்டறையில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்த முதல் வாரத்திலேயே மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வரை துல்லியமாகப் படித்தேன். ஆனால் பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரியாமல், வண்டி எண்ணையும் நிறத்தையும் வைத்து ஏறிக்கொண்டிருந்தேன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தும் எனக்குத் தன்னம்பிக்கை வரவில்லை. எந்த நேரத்தில் யார் காகிதத்தை நீட்டுவார்களோ என்ற பயம்தான் கூடவே இருந்தது. ஆகவே உங்கள் மகள் கோலத்திலோ விளையாட்டிலோ கெட்டிக்காரியாக இருந்தால் மகிழ்ச்சி. அது வாசிப்பின் காயத்தை ஆற்றிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முப்பத்தோராவது வயதில், என் மகளின் முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, அவளுக்குச் சொல்லித்தருகிற சாக்கில் நானும் கற்றேன். தினமும் பதினைந்து நிமிடம், இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் பட்ட பாடு, எட்டாம் வகுப்பு வரை மறைப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட இருக்காது. இன்றும் ஒரு பக்கம் வாசிக்க எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நீட்டினால், "நான் நிதானமாகத்தான் படிப்பேன், டீ சாப்பிடுங்கள்" என்று சொல்கிறேன். அதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்த நாளைத்தான் நான் தேறிய நாளாகக் கருதுகிறேன்.

பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவள் தனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பாள்; 'மக்கு' என்ற பெயரைவிட டிஸ்லெக்சியா என்ற பெயர் ஆயிரம் மடங்கு மேல். ஐன்ஸ்டைனுக்கும் இது இருந்தது என்று மட்டும் தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள். முதலில், அதற்குச் சான்று கிடையாது. அடுத்து, ஐன்ஸ்டைன் ஆனால்தான் மதிப்பு என்று ஒரு புதிய பாரத்தை அவள் தலையில் ஏற்றியதாகிவிடும். இன்னொன்று: கொஞ்சம் முன்னேறியதும் உறவினர்கள் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்வீர்கள். பெற்றவர்களுக்கு அந்த ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியர்:

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் இப்படிப் பெயர்கள் எதுவும் கிடையாது. பிள்ளைகள் எழுதி எழுதித்தான் கற்றார்கள். இன்று சான்றிதழ் வாங்கி, தேர்வில் கூடுதல் நேரம் வாங்கி, எழுதுவதற்கு ஆளும் வாங்கிவிட்டால், அந்தப் பிள்ளை எதற்காக உழைக்கப் போகிறது? சலுகை ஒரு பழக்கமாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

இருபிள்ளைத் தகப்பன்:

ஐயா, தங்கள் அனுபவத்துக்கு வணக்கம். என் மூத்த மகன் இதே குறைபாட்டோடு பத்தாம் வகுப்பு முடித்து, இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். எழுதி எழுதிக் கற்றவர்களைத் தாங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பள்ளியை விட்டு நின்றுபோனவர்கள் எதனால் நின்றார்கள் என்பதை அந்தக் காலத்தில் யாரும் கணக்கெடுக்கவில்லை. மேலே எழுதியிருக்கும் பட்டறைக்காரரே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சலுகையைப் பற்றிச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது இல்லை. குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் முறைகளை மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2018-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், எட்டு வயது நிறைந்தவர்களுக்கே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்றும் வகுத்தன. அதனால் காவிரிக்கரை அம்மா இப்போதே பள்ளித் தலைமையாசிரியரிடம் மதிப்பீட்டு அறிக்கையைக் கொடுத்து, எழுத்துமூலமாக ஒப்புதல் வாங்கி ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்பில் ஓடுவதைவிட நான்காம் வகுப்பில் நடப்பது எளிது.

எங்கள் மாநிலப் பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கிடைக்கின்றன. என் மகன் கூடுதல் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். சொல்வதை எழுதுபவரை வைத்து அரையாண்டுத் தேர்வில் பழகிப் பார்த்தோம். தான் நினைப்பதை வாக்கியமாக்கி இன்னொருவருக்குச் சொல்வது அவனுக்குத் தனி வேலையாகிவிட்டது, ஆகவே விட்டுவிட்டோம். வேறொரு பிள்ளைக்கு அதுவே உயிர்நாடியாக இருக்கலாம். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில் அவன் சும்மா இருக்கவில்லை ஐயா; மற்றவர்கள் மூன்று மணி நேரம் உழைத்த இடத்தில் இவன் நான்கு மணி நேரம் உழைத்துவிட்டு, கை வீங்கி வெளியே வந்தான்.

ஓய்வூதியர்:

கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பணியில் இருந்தபோது, கணக்கில் நூறும் தமிழில் பதினெட்டும் வாங்கிய ஒரு மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்து, ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் நிற்க வைத்தேன். நேற்று இரவு அவன் நினைவு வந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

அம்மா, ஓர் ஆசிரியனாக ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, நாளை எந்தப் பத்தியை உங்கள் மகள் வாசிக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடும்படி கேளுங்கள். வீட்டில் பழகிவிட்டு வரட்டும். வாசிக்கும் முறையிலிருந்து அவளை முழுவதும் நீக்கிவிட்டால் மற்றப் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள். இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஆசிரியருக்கு இதனால் ஒரு நிமிட வேலைதான் கூடும்.

எழுத்தாணி:

ஐயா சொன்னது மிகச் சரியான ஏற்பாடு. அதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒப்பித்துவிடுவாளோ என்று பயப்பட வேண்டாம் அம்மா. வகுப்பில் முதல் நோக்கம் வயிற்றுவலி நிற்பது. வாசிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா என்ற சோதனையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். தனிவகுப்பை நிறுத்திவிட்டோம். மாமியார் தாம்பாளத்தில் அரிசி பரப்பிக் கொடுத்தார். "இதுக்குத்தான் வித்யாரம்பம் பண்ணினோம், அதுக்கப்புறம் அரிசியை மறந்துட்டீங்க" என்று எனக்கு ஒரு குட்டு. குறிகள் இல்லாத சொற்களுக்கே ஐந்து வாரம் ஆயிற்று. துணைக்காலில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டோம். 'காரம்' என்பதை 'காாம்' என்றும் 'கரரம்' என்றும் எழுதி, கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். உகரங்கள் இன்னும் பாதிதான் தேறியிருக்கின்றன. குறைபாட்டின் பெயரைச் சொன்னபோது, "இன்னும் யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டாள். கோயம்புத்தூரில் லேத் வைத்திருக்கும் ஒரு மாமாவுக்கு இருக்கிறது என்று சொன்னேன். இப்போது அந்த மாமா ஒரு பக்கத்தை ஆறு நிமிடத்தில் வாசிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

வகுப்பாசிரியர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். வயிற்றுவலி இரண்டு முறை வந்தது, பிறகு வரவில்லை.

இனி நான் செய்த தவறு. மீள்வாசிப்புக்கு எடுத்த முதல் பத்தி, நிமிடத்துக்குப் பதினொரு சொல்லில் தொடங்கியது. நான்கு நாளில் மாற்றச் சொல்லியிருந்தீர்கள். புள்ளிகள் மேலே மேலே ஏறுவதைப் பார்த்த மகிழ்ச்சியில் பத்து நாட்களாக அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன்; முப்பத்தெட்டு வரை போய்விட்டது. நேற்று மாலை தாளை எடுத்து வைத்தவுடன் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "இது எனக்கு மனப்பாடம் ஆயிருச்சும்மா. இது கணக்குல வராது, வேற குடுங்க" என்றாள். வேறு பத்தி கொடுத்தேன். பத்தொன்பது சொற்கள் வந்தன. அவளே எண்ணி, முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வெகு கீழே ஒரு புள்ளியை வைத்து, அடியில் 'புதியது' என்று எழுதினாள். 'பு' மட்டும் சற்றுக் கோணலாக இருக்கிறது.